கக்கன் பிறந்த தும்பைப்பட்டி

மேலூரைத் தாண்டித் திருச்சி ரோட்டில் கொட்டாம்பட்டிக்குப் போகிற வழியில் தும்பைப்பட்டி வரும். சாலையில் விரைகிறவர்களுக்கு அது இன்னொரு கிராமம், அவ்வளவுதான். ஆனால் மேலூர் வட்டாரத்தில் யாரிடம் கேட்டாலும் “கக்கன் ஊரா?” என்பார்கள்.

இந்தப் பக்கத்தின் கவலை எப்போதும் தண்ணீர்தான். 1895இல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் வைகை ஆற்றிலுள்ள பேரணையிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், அதுவும் அணை நிறைந்தால்தான். கடைமடைக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் மனுவோடு நிற்பது இதனால்தான்.

கக்கன் இங்கே 1908இல் பிறந்தார். அப்பா கிராமக் கோயில் பூசாரி, ஆனால் தலித்துகளான அவர்களுக்குப் பெரிய கோயில்களுக்குள் இடமில்லை. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப்போன சிறு குழுவில் கக்கனும் ஒருவர். பிறகு விடுதலைப் போராட்டத்தில் சிறை, அரசியல் நிர்ணய சபை, 1952இல் மதுரையிலிருந்து மக்களவை. 1957இல் மேலூர் இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஜெயித்துக் காமராஜர் மந்திரிசபையில் பொதுப்பணித்துறை அமைச்சரானார். வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது அந்தத் துறை அவரிடம்தான் இருந்தது. ஒருபோக நிலத்திலிருந்து போனவர் கையில் அணைகளின் இலாகா! பிறகு விவசாயம், 1963 முதல் உள்துறை.

உள்துறையைப் பற்றி ஊரில் அதிகம் பேச்சில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தபோது போலீசுக்குப் பொறுப்பான மந்திரி அவர்தான். முதலமைச்சர் பக்தவத்சலத்தின் பெயரோடுதான் அந்தப் பழி ஒட்டிக்கொண்டது. கக்கன் நல்லவர் என்பதால் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 1967இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். அதோடு பதவி வாழ்க்கை முடிந்தது. சொத்து ஏதும் சேர்த்திருக்கவில்லை.

அடுத்து வருவதைத்தான் தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்வார்கள். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர்., மதுரை மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க மதுரை அரசு மருத்துவமனைக்குப் போகிறார். பொது வார்டில், கட்டில்கூட இல்லாமல் முன்னாள் அமைச்சர் கக்கன் படுத்திருப்பதாகத் தெரிந்ததும் பதறிப்போய் உதவிக்கு ஏற்பாடு செய்கிறார். 1981 டிசம்பரில் கக்கன் காலமானார். 1999இல் தபால்தலை வந்தது. 2001இல் தும்பைப்பட்டியில் மணிமண்டபம்.

இந்தக் கதையை மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம். கட்டில் இல்லாமல் அன்று அங்கே படுத்திருந்தவர் கக்கன் ஒருவர் மட்டும்தானா? பக்கத்தில் கிடந்தவர்களைப் பற்றி ஒரு பேச்சாளரும் வாய் திறப்பதில்லை. அதிகாரத்தில் இருந்த பத்து வருஷம் என்ன செய்தார் என்பதும் பின்னால் போய்விட்டது. ஆஸ்பத்திரித் தரைதான் நிற்கிறது. எளிமையைப் புகழ்வது சுலபம், யாருக்கும் செலவில்லை. அதிலும் தனக்கென்று எதுவும் கேட்காத ஒரு தலித் தலைவரைப் புகழ்வது எல்லாக் கட்சிக்கும் சௌகரியம்.

கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு மேலூர் வட்டாரத்தை விட்டு வெளியே போக வேண்டாம். மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996 தேர்தலில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள். வாக்குப்பதிவு நடக்காமல் நின்றது. கடைசியில் போலீஸ் காவலோடு முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு அவர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். இதே வட்டாரத்திலிருந்து கக்கன் சட்டசபைக்குப் போய் அப்போது நாற்பது வருஷம் ஆகியிருந்தது. தும்பைப்பட்டியில் மணிமண்டபம் திறந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து.