அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்

மேடு பள்ளத்தில் ஓடும் பக்கி வண்டிக்கு நல்ல வெல்டர் தேவை. தேடியவள் ஒரு வெல்டரின் மகள்.

இந்தூரில் லோஹா மண்டியை ஒட்டிய சந்து ஒன்றில் எட்டடி அகலத்தில் ஒரு பட்டறை. வாசலில் பாதி முடிந்த கேட், சாய்த்து வைத்த ஜன்னல் கிரில்கள், கால் ஒடிந்த பள்ளிக்கூட பெஞ்சு. உள்ளே வெல்டிங் டிரான்ஸ்பார்மரின் உறுமல். 26 ஆண்டுகளாக அதை நடத்தி வருபவரைச் சந்து முழுவதும் ‘உஸ்தாத்’ என்றுதான் அழைக்கிறது. அவர் செய்த கிரில் இல்லாத வீடு அந்த வட்டாரத்தில் குறைவு. அந்த டிரான்ஸ்பார்மரின் சம்பாத்தியத்தில்தான் மகளின் பள்ளிக் கட்டணமும், பிறகு பொறியியல் கல்லூரிக் கட்டணமும் கட்டப்பட்டன.

மகள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின் நடுவே செய்தியைச் சொன்னாள். கல்லூரி அணி ஒரு பக்கி வண்டி கட்டப் போகிறது. அதன் குழாய்க் கூண்டுக்கு அவள்தான் பொறுப்பு. போட்டியில் ஓட்டப் போவதும் அவள்தான். தந்தை ரொட்டியைப் பிட்டபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “குழாய் எப்போது வரும், பேட்டா?”

யார் வெல்டிங் செய்வது என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. மகளுக்கு எழுந்தது. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அவள் சொன்ன போட்டி ‘பாஹா’. 1976இல் அமெரிக்காவின் தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காகத் தொடங்கியது. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு 2007இல் இதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. முதல் களம், இந்தூருக்குப் பக்கத்திலிருக்கும் தொழில் நகரமான பித்தாம்பூர். ஒருவர் மட்டும் உட்காரும் வண்டியை மாணவர்களே வடிவமைத்துக் கட்ட வேண்டும். எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி சிறிய எஞ்சின். கடைசி நாள் பந்தயம் நான்கு மணி நேரம். சேறு, பாறை, மேடு, மறுபடி சேறு.

இப்படிப்பட்ட வண்டி உருளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உருளும்போது ஓட்டுநரின் தலைக்கும் தரைக்கும் நடுவே இருப்பது அந்தக் கூண்டு மட்டுமே. ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் இடையே 6 அங்குலம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த 6 அங்குலம் உருண்ட பிறகும் மிஞ்சுமா என்பதைக் குழாய் மட்டுமல்ல, குழாய்கள் சேரும் இடங்களும் தீர்மானிக்கின்றன. அவர்கள் வரைந்த கூண்டில் அப்படிப்பட்ட இணைப்புகள் 60க்கும் மேல்.

அதற்கு முந்தைய ஆண்டு அணி, விலை குறைவு என்பதற்காகத் தெருமுனை வெல்டர் ஒருவரிடம் வண்டியைக் கொடுத்திருந்தது. அவர் வெல்டிங்கை கிரைண்டரால் வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். பெயிண்ட் அடித்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பயிற்சியில் முன்சக்கரத்தைத் தாங்கும் பிராக்கெட் குழாயிலிருந்து உரிந்து வந்தது. வண்டி குப்புற விழுந்து, ஓட்டிய மாணவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. பிறகு பார்த்தால், உருகிய இரும்பு குழாயோடு கலக்கவே இல்லை. தட்டில் சிந்திய மெழுகுபோல் மேலே உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு அணியின் பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: யாராக இருந்தாலும் முதலில் மாதிரி. போட்டி விதியும் அதையேதான் கேட்கிறது. கூண்டில் கை வைக்கும் ஒவ்வொரு வெல்டரும் அதே குழாயில் இரண்டு மாதிரி இணைப்புகளைத் தன் கையால் செய்து தர வேண்டும். ஒன்றில் இரு குழாய்கள் செங்கோணத்தில் சேரும். அதை உடையும்வரை சோதிப்பார்கள். உடைந்தால் குழாய்தான் உடைய வேண்டும், வெல்டிங் அல்ல. இன்னொன்றில் குழாய்கள் 30 டிகிரி சாய்வில் சேரும். அதை நீளவாக்கில் அறுத்து, உருகிய இரும்பு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

குழாய் வந்தது. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 ரக எஃகு. சுவரின் கனம் 1.65 மில்லிமீட்டர். எடை குறைவு, வலு அதிகம். ஆனால் கோபக்கார இரும்பு. கிரில் பட்டறையில் சூடான துண்டைத் தண்ணீர் வாளியில் முக்கி எடுப்பது வழக்கம். சாதாரண இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். 4130ஐ அப்படிச் சட்டென்று குளிர வைத்தால் வெல்டிங்கை ஒட்டிய பகுதி இறுகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தை இரண்டு மாதிரிகளையும் செய்தார். கிரில்லுக்குப் பயன்படுத்தும் அதே 10 நம்பர் ராடு. பழக்கதோஷத்தில் துண்டை வாளியை நோக்கிக் கொண்டுபோனார். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணீர் வேண்டாம், பாபா.” அவர் சிரித்துவிட்டுத் தரையில் வைத்தார்.

செங்கோண மாதிரி தேறியது. கல்லூரி இயந்திரம் இழுத்த இழுப்பில் குழாய்ச் சுவர்தான் கிழிந்தது. வெல்டிங் அசையவில்லை. அன்று மாலை தொலைபேசியில் மகள் சொன்னபோது தந்தை பட்டறையிலிருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் சாய்வு மாதிரியை அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் தடவினார்கள். உருகிக் கலந்த இடம் வேறு நிறத்தில் தெரிந்தது. இரண்டு குழாய்களும் கத்தரிக்கோல்போல நெருங்கும் அந்தக் குறுகிய மூலையில் மட்டும் ஒரு கறுப்பு நூல் ஓடியது. கசடு. ராடின் மேல்பூச்சு உருகி உள்ளே மாட்டிக்கொண்டு, இரும்பும் இரும்பும் சேராமல் தடுத்திருந்தது.

மகள் அந்தத் துண்டை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தாள். பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, ஏற்கெனவே வேறு ஆளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள் என்று ஏதாவது. மூன்றாம் நாள் இரவு துண்டை எடுத்துத் தந்தையின் முன் வைத்தாள்.

அவர் அதை பல்பின் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்க வேண்டியிருக்கவில்லை. “கசடு,” என்றார். பிறகு, “இன்னொரு துண்டு கொடு.”

இரண்டாவது முறை மெல்லிய 12 நம்பர் ராடு எடுத்தார். மூலைக்குள் வெப்பம் போக வேண்டும் என்று மின்னோட்டத்தைக் கூட்டினார். மூலை உருகியது, கூடவே குழாயின் விளிம்பில் ஓட்டை விழுந்தது. மூன்றாவது துண்டு அவர் கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “26 வருஷத்தில் என் வேலையை யாரும் அறுத்துப் பார்த்ததில்லை. கிரில் விட்டுப்போனால் வந்து திட்டுவார்கள், மறுபடி ஒட்டிக் கொடுப்பேன். இதில் நீ உட்காரப் போகிறாய்.”

அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று தாய் மகளிடம் பிறகு சொன்னார். ஆனால் காலையில் பட்டறையைத் திறக்கவில்லை. ஸ்கூட்டரைத் துடைத்துவிட்டு மகளை அழைத்தார். “வா, ஆள் பார்க்கலாம்.”

முதலில் சாங்வேர் சாலைத் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய பட்டறை. அங்கே சிஓ2 வெல்டிங். கம்பி தானாகவே வந்துகொண்டிருக்கும், வேலை வேகமாக முடியும். காட்டிய வேலை அச்சில் வார்த்ததுபோல் ஒரே சீராக இருந்தது. சுவரில் சான்றிதழ் தொங்கியது. தந்தை அதைப் படித்துவிட்டு, “இவர் எங்கே?” என்று கேட்டார். அவர் வேலையை விட்டுப் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மாதிரி செய்து அறுக்க வேண்டும் என்றதும் முதலாளிக்கு முகம் மாறியது. “சான்றிதழ் பார்த்த பிறகும் சந்தேகமா?” தந்தை கைகூப்பி விடைபெற்றார். வெளியே வந்து மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: “சான்றிதழ் கடைக்கு இல்லை, பேட்டா. கைக்கு.”

அவர் சொன்னது தொழிற்சாலை விதிகளுக்கும் பொருந்தும். பாய்லர், பிரஷர் குழாய் வேலைகளில் வெல்டரின் தகுதி அவரோடுதான் போகிறது. ஒரு முறையில் தேறியவர் ஆறு மாதம் அந்த முறையில் வேலையே செய்யாவிட்டால் தகுதி காலாவதியாகிவிடும். மறுபடி சோதனை கொடுக்க வேண்டும்.

அடுத்து பித்தாம்பூர். மருந்து ஆலைகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் பொருத்தும் ஒருவர். அவருடையது ‘டிக்’ முறை. பட்டறை மொழியில் ஆர்கான் வெல்டிங். ஒரு கையில் டங்ஸ்டன் முனை, இன்னொரு கையில் மெல்லிய கம்பி. காற்று படாமல் ஆர்கான் வாயு உருகும் இரும்பைப் போர்த்திக்கொள்ளும். மேல்பூச்சு இல்லை, அதனால் கசடும் இல்லை. நேரம் அதிகம், கூலியும் அதிகம்.

அவர் விலை பேசுவதற்கு முன் கேட்டது, “என்ன இரும்பு? கனம் எவ்வளவு?” பிறகு மாணவர்கள் வெட்டிக் கொண்டுவந்த குழாய்களைச் சேர்த்துப் பிடித்து, இடைவெளியில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் உள்ளே போனது. “இதை நான் நிரப்பிக் கொடுக்க முடியும். ஆனால் அது சுவர் பூசுகிற வேலை. மீன் வாய்போல் வளைத்து வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். வெளிச்சம்கூட நுழையக் கூடாது.”

தந்தை ஒன்றும் பேசாமல் அங்கிருந்த அரை வட்ட அரத்தை எடுத்தார். இருபது நிமிடம். திருப்பிக் கொடுத்தபோது ஆர்கான்காரர் மறுபடி நகத்தை வைத்தார். போகவில்லை. “உஸ்தாத், இது யார் கற்றுக் கொடுத்தது?” என்றார். அவரை அப்படி அழைக்கும்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் குழாயைப் பளபளவென்று தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியை நிறுத்தினார். காற்றடித்தால் ஆர்கான் கலைந்து, வெல்டிங்கில் ஊசித் துளைகள் விழும். ஜூன் மாதப் புழுக்கத்தில் வியர்வை சொட்டச் சொட்ட இணைப்பை முடித்தார். தானாக ஆறும்வரை யாரையும் தொடவிடவில்லை. ஆறியதும் ஹேக்ஸா பிளேடை அவரே எடுத்துக் கொடுத்தார். “அறுத்துப் பாருங்கள். நானும் பார்க்கிறேன்.”

அமிலம் தடவியபோது மூலையில் கறுப்பு நூல் இல்லை.

அதன் பிறகு வேலை இரண்டாகப் பிரிந்தது. மூன்று வாரம், கிரில் வேலை முடிந்த இரவுகளில், தந்தை ஒவ்வொரு குழாயாக வளைவு வெட்டிப் பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்கான்காரர் வந்தார். முதலில் கூண்டு முழுவதையும் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிடித்து வைத்தார். பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிச் செய்தார். ஒரே பக்கமாகப் போனால் வெப்பம் கூண்டைக் கோணலாக இழுத்துவிடும். எந்த இணைப்பையும் கிரைண்டர் தொடக் கூடாது என்று மகள் உத்தரவு போட்டிருந்தாள். மறைக்க எதுவும் இருக்கவில்லை.

போட்டியில் தொழில்நுட்பச் சோதகர் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். அறுத்த மாதிரிகளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அனுமதி அட்டையை ஒட்டினார். பந்தயத்தின் இரண்டாவது மணி நேரத்தில், பாறை மேடு ஒன்றில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு முழுச் சுற்று உருண்டு நின்றது. பார்வையாளர் வேலிக்குப் பின்னால் நின்றிருந்த தந்தைக்கு அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. பெல்டில் தொங்கியபடி மகள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். களப் பணியாளர்கள் வண்டியை நிமிர்த்தினார்கள். அணி ஓடிவந்து டார்ச் அடித்துப் பார்த்தது. மேல் குழாயில் ஒரு நசுங்கல். இணைப்புகளில் ஒரு கீறல்கூட இல்லை. வண்டி மறுபடி ஓடியது. மூன்றாவது மணி நேரத்தில் கியர்பாக்ஸ் உடைந்து நின்றது. பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

லோஹா மண்டிப் பட்டறையில் இன்றும் கிரில்கள் 10 நம்பர் ராடால்தான் ஒட்டப்படுகின்றன. கிரில்லுக்கு ஆர்கான் தேவையில்லை. தண்ணீர் வாளியும் அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில், ஆணியில், நீளவாக்கில் அறுத்த அரைக் குழாய் ஒன்று தொங்குகிறது. மூலையில் கறுப்பு நூல் ஓடும் அந்தத் துண்டுதான். புதிதாகச் சேரும் பையன்களிடம் அதைக் காட்டி, “இது என் வேலை,” என்கிறார் உஸ்தாத்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் பேத்திக்கு ஊஞ்சல் செய்யச் சொல்லி வந்தார். மறுநாளே வேண்டும் என்றார். இன்னும் ஒரு நாள் கூடுதலாகும் என்றார் உஸ்தாத். கொக்கி ஒட்டுவதற்கு இவ்வளவு நேரமா என்று வந்தவர் கேட்டார்.

“இரண்டு கொக்கி ஒட்டுவேன்,” என்றார் அவர். “ஒன்றை அறுத்துப் பார்க்க வேண்டும்.”