ஒன்பதாவது வளைவில் ஒரு சிவப்பு விளக்கு

"கணக்கு படிச்சவரு நீங்க... ஆயில் கணக்கு மட்டும் எழுதலீங்களே மாப்ள!"

என் மாமனார் இதைச் சொன்ன இடம், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதை. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் நின்றது ஒன்பதாவதில். நேரம் காலை பத்தேகால்.

முதலில் கார் புராணம். செகண்ட் ஹேண்ட். ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மூன்று சிலிண்டர், டர்போ. நம் நாட்டில் ஏன் இத்தனை குட்டி எஞ்சின்கள்? எல்லாம் வரி செய்யும் வேலை. நாலு மீட்டருக்குள் நீளம், 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் ஜி.எஸ்.டி. குறைவு. எஞ்சினைச் சின்னதாக்கினால் இழுவை குறையும். குறைந்த இழுவையை டர்போ வைத்து மீட்டுவிடுகிறார்கள். இந்த வரிக்கணக்கு புரிந்ததும் பி.காம். மூளைக்கு ஒரே குஷி. வாங்கிவிட்டேன். விலையில் பாதி என் சேமிப்பு. மீதிப் பாதி... அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாமனார் பொள்ளாச்சிக்காரர். அரசு பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். பாதி சர்வீஸ் இந்த வால்பாறை ரூட்டில்தான். எந்த வளைவில் எந்தப் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

முதல் நாள் சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் விரட்டிக்கொண்டு வந்து பொள்ளாச்சியில் இறங்கியதும், காபிக்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி:

"ஆயில் பாத்தீங்களா மாப்ள?"

"சர்வீஸ்ல மாத்தியாச்சு மாமா."

"அது எப்பங்க?"

"ஆறு மாசம் முன்னாடி."

"ம்..."

அந்த ‘ம்’முக்குப் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை. இப்போதெல்லாம் யார் ஸார் பானட்டைத் திறக்கிறார்கள்? அம்பாஸடர் காலத்தில் டிரைவர்கள் காலையில் பல் தேய்ப்பதுபோல ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பார்கள். நாமோ ப்ளூடூத்தில் பாட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

மறுநாள் காலை புளிசாதம், தயிர்சாதம் சகிதம் கிளம்பினோம். முன் சீட்டில் மாமனார். பின்னால் மனைவியும் ஆறாவது படிக்கும் மகளும். ஆழியாறு தாண்டியதும் சாலை நிமிர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... மகள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். டர்போ ‘விஸ்ஸ்’ என்று இழுக்க, வண்டி குதித்துக்கொண்டு ஏறியது. நான் மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஊஹும், அவர் சாலையைப் பார்க்கவில்லை. டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது, டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு மின்னி மறைந்தது. அலாவுதீன் விளக்கு மாதிரி படம், மூக்கில் ஒரு சொட்டு.

"பாத்தீங்களா?"

"அணைஞ்சிடுச்சே மாமா..."

ஒன்பதாவதில் மறுபடி மின்னியது. "நிறுத்துங்க!" என்றார். முப்பது பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கிய குரல். நிறுத்திவிட்டேன்.

அங்கேதான் லோம்ஸ் வியூ என்கிற காட்சி முனை. கீழே ஆழியாறு அணை, நீலப் புடவையை உதறி விரித்தாற்போல. சமதளமாக ஓர் ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். "பத்து நிமிஷம் விடுங்க. மேல போன ஆயில் கீழ எறங்கட்டும்" என்றார். அந்தப் பத்து நிமிஷமும் ஒரு குரங்கு பானட் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. இந்த ஜாதிக் குரங்குக்கு ஆங்கிலத்தில் பெயரே பானட் மக்காக். ஆறு மாதமாகப் பானட்டைத் திறக்காதவனை அது அப்படித்தானே பார்க்கும்!

குச்சியை உருவினார். துடைத்தார். சொருகி மறுபடி உருவினார். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில்கூட ஈரமில்லை. அப்போதுதான் அந்த ஆயில் கணக்கு டயலாக்.

அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆயில் குறைந்திருந்தால், ஏற்றத்திலும் வளைவிலும் இருப்பது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பம்ப் காற்றைக் குடிக்கும். எரிந்தால் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். "அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்" என்பதெல்லாம் கிடையாது.

இப்போது ஆயில் வேண்டும். எந்த ஆயில்? காரோடு வந்த கையேடு பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் டாஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தது. மகள் பிரித்து வாசித்தாள்: "ஃபைவ் டபிள்யூ தர்ட்டி, அப்பா." மறந்துவிடுவேன் என்று பால்பாயின்ட் பேனாவால் என் உள்ளங்கையிலேயே எழுதிவிட்டாள். மேலிருந்து வந்த பொள்ளாச்சி பஸ்ஸுக்கு மாமனார் கையைக் காட்டினார். "என்னங்ண்ணா இங்க நிக்கறீங்க?" என்று டிரைவர் பிரேக் போட, நான் ஏற்றி அனுப்பப்பட்டேன்.

பொள்ளாச்சி ஆயில் கடைக்காரர் என் உள்ளங்கையைப் பார்த்தார். ஜோசியர் மாதிரிதான்.

"பெட்ரோல் டர்போங்களா?"

"ஆமாங்க. புது மாதிரி வண்டி. ஆயில் குடிக்குமா என்ன?"

"குடிக்காத இஞ்சின் எங்கீங்க இருக்குது? எவ்வளவு குடிக்குதுங்கறதுதான் கணக்கு."

பிறகு கவுன்ட்டரில் சாய்ந்தபடி பாடம் நடத்தினார். எஞ்சின் துப்பும் புகையின் வேகத்தில் டர்போவில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் போகும் அந்தத் தண்டு மிதப்பது மெல்லிய ஆயில் படலத்தில். படலம் போனால் டர்போ போச்சு. பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ சீல் என்று எந்த வழியாகவும் கொஞ்சம் ஆயில் கசிந்து எரியலாம். நெடுஞ்சாலையில் விரட்டினால் இன்னும் கூடுதல். மலை இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டு கியரில் பிடித்து இறங்கினால், சிலிண்டருக்குள் ஏற்படும் உறிஞ்சலில் ஆயில் கொஞ்சம் மேலே ஏறும். "அதுக்காக நியூட்ரல்ல இறக்கிறாதீங்க சார்! ஆயில் போனா வாங்கிக்கலாம்!"

இரண்டு ஒரு லிட்டர் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பியபோது மனக்கணக்கு போட்டேன். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குடித்தாலும் சகஜம்தான் என்று சில கம்பெனிகளின் கையேடுகளே சொல்கின்றன. சர்வீஸோ 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. அப்படியானால் ஐந்து லிட்டர்! என் எஞ்சினில் மொத்தமே சுமார் நாலு லிட்டர்தான் பிடிக்கும். வரவே எழுதாமல் செலவு மட்டும் செய்துகொண்டிருந்தால் திவால் ஆகாமல் என்ன செய்யும்?

மூன்று மணி நேரம் கழித்து ஒன்பதாவது வளைவில் குற்ற உணர்ச்சியோடு இறங்கினேன். என்னை யாரும் தேடவில்லை! "அப்பா, வரையாடு! ஆறு வரையாடு!" என்று மகள் பாறைச் சரிவைக் காட்டிக் குதித்தாள். புளிசாதம் காலி.

மாமனார் அவசரப்படவில்லை. அரை லிட்டர் ஊற்றினார். காத்திருந்தார். குச்சியைப் பார்த்தார். மறுபடி அரை லிட்டர். மறுபடி குச்சி. மூன்றாவது அரை லிட்டரில் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மிச்சத்தையும் ஊற்றிவிடலாம் என்று நான் டப்பாவைச் சாய்க்கப் போக, கையைப் பிடித்துவிட்டார். அதிகமானால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடுமாம். நுரை உராய்வைத் தடுக்காது.

"திரும்பிடலாமா மாமா?" என்றேன், ஸ்டார்ட் செய்து விளக்கு அணைந்ததும். குரலில் தெம்பு இல்லை.

"எதுக்குங்க? மெதுவா மேல போலாம். குழந்த ஒம்பதுதான எண்ணியிருக்குது!"

மீதி முப்பத்தொன்றையும் எண்ணினாள். விளக்கு ஒரு வளைவில்கூடக் கண் சிமிட்டவில்லை. தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியதும் ஜன்னலை இறக்கினோம். குளிர் உள்ளே வந்தது. வால்பாறையில் டீக்கடை முன் நிறுத்திச் சாவியைத் திருப்பப் போனேன். "ஒரு நிமிஷம் ஓடட்டுங்க. மல ஏறுன சூட்டுல டக்குனு நிறுத்துனா, உள்ள நிக்கற ஆயில் கருகிப்போகும்" என்றார். பஸ்ஸில் கற்றது.

சென்னை திரும்பியதும் மெக்கானிக் டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்து, ஆயிலில் இரும்புத் துகள் இருக்கிறதா என்றும் பார்த்தார். "தப்பிச்சீங்க" என்றார்.

இப்போது எழுதிவிடுகிறேன். கார் விலையில் மீதிப் பாதி, மாமனாரின் ரிடையர்மென்ட் பணம். மூன்று மணி நேரம் அந்த மலையோரத்தில் காத்திருந்தும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவிதான் பிறகு சொன்னாள்: நான் பஸ் ஏறிப் போன பிறகு, காரின் பானட்டை இரண்டு தடவை தடவிக் கொடுத்தாராம்.

இன்று என் கார் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயில் என்று மூன்று கட்டம். என் வண்டி 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கிறது. டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் டப்பா.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பொள்ளாச்சியிலிருந்து போன் வரும்.

"ஆயில் பாத்தீங்களா மாப்ள?"

"பாத்துட்டேன் மாமா."

அதற்கப்புறம்தான் பெண்ணும் பேத்தியும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பார்!