பெரியப்பாவின் மடக்குக் கத்தி

பழைய பொருள் ஏதாவது கையில் சிக்கினால் அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்று நம்மில் பாதிப் பேருக்குக் கை பரபரக்கும். ஆனால் புதுசாக்குவது வேறு, வேலை செய்ய வைப்பது வேறு. இந்த செமஸ்டர் லீவில் ஒரு மடக்குக் கத்தியோடு பத்து நாள் மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்தது இதுதான். (ஹாஸ்டலில் கத்தியோடு உட்கார்ந்தால் வார்டன் என்னையே மடக்கிவிடுவார் என்பதால் லீவு வரை பொறுத்திருந்தேன்.)

கத்தி பெரியப்பாவுடையது. தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1979இல் ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கினாராம். கயிறு அறுக்க, ஆரஞ்சு உரிக்க, அட்டைப்பெட்டி திறக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை பலமிழந்ததும் கத்தி பீரோவுக்குள் போய்விட்டது. அதற்கு முன்பே அதன் பூட்டு சரியாக விழாமல் இருந்திருக்கிறது. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்பது பெரியம்மாவின் கட்சி. "வேணும்னா நீ எடுத்துப் பாருல. ஆனா புதுசாக்கிப்புடாத" என்றார் பெரியப்பா.

இனி கத்தியைப் பற்றி. இது அமெரிக்காவின் பக் கம்பெனி 1964இல் கொண்டுவந்த 110 என்ற மாடல். பூட்டு வைத்த மடக்குக் கத்திகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் பின்னால் வந்தவர்கள் பலரும் பார்த்துச் செய்தது இதைத்தான். அலகு 3¾ அங்குலம், எடை சுமார் 200 கிராம். கைப்பிடியின் இரு முனையும் பித்தளை, நடுவில் கருங்காலி மரம். 1986இலிருந்து அலகின் அடியில் ஆண்டுக்கு ஒரு குறி போட ஆரம்பித்தார்கள். பெரியப்பாவின் கத்தியில் அந்தக் குறி இல்லை, மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளிகள்தான் இருக்கின்றன. அது 1970களின் பிற்பாதியில் போட்ட முத்திரை. ஆக, பெரியப்பாவின் ஞாபகத்தில் துரு ஏறவில்லை!

முதல் வேலை பூட்டு. கைப்பிடியின் முதுகில் நீளமாக ஒரு பட்டை இருக்கும். நடுவில் ஒரு ஆணியில் அது சீஸா பலகை மாதிரி ஆடும். பின்முனையை அடியிலிருந்து ஒரு ஸ்பிரிங் மேலே தள்ளும். அதனால் முன்முனை எப்போதும் கீழே அழுந்தி நிற்கும். கத்தியை முழுதாக விரித்ததும் முன்முனையில் உள்ள பல், அலகின் அடியில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் 'டக்'கென்று உட்காரும். பின்முனையை அமுக்கினால் பல் மேலே வரும், கத்தி மடங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். அந்தப் பள்ளத்தில் குப்பை சேர்ந்தால் பல் பாதிதான் இறங்கும். வெட்டும்போது அது நழுவினால் அலகு விரல் மேல் மடங்கும். பூட்டு இல்லாத கத்தியை விட, பூட்டியிருக்கிறது என்று நம்ப வைத்து நழுவும் கத்தி ஆபத்தானது.

இதை ஸ்க்ரூ கழற்றிப் பிரிக்க முடியாது. பித்தளை ஆணிகளை அடித்துப் பரப்பி, பித்தளையோடு பித்தளையாகத் தேய்த்து மறைத்திருக்கிறார்கள். பிரித்தால் உடைத்த மாதிரிதான். அதனால் பாத்திரம் துலக்கும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ், பல்குத்தும் குச்சி. உள்ளேயிருந்து வந்தது நாற்பது வருஷத்துக் கருப்பு மை: எண்ணெய், தூசி, கயிற்று நார். மூன்று முறை கழுவி, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, நிழலில் விரித்து வைத்து உலர்த்தினேன். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். கடைசியில் மூட்டில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். மூன்றாம் நாள் 'டக்' என்ற சத்தம் கேட்டபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அரியர் கிளியரானால் வருவது அது!

அடுத்தது துரு. எஃகு 440சி வகை. கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம், குரோமியம் 17 சதவீதம் அளவுக்கு இருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்தானே தவிர, உப்புக் காற்று விடாமல் பட்டால் குரோமியம் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் ஆங்காங்கே கிழிந்து ஊசிமுனைக் குழிகள் விழும். எண்ணெய் தொட்டு 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தேன். செந்நிறம் போனது, குழிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுக்க வேண்டுமென்றால் அலகையே தேய்த்துக் கரைக்க வேண்டும்.

பித்தளைக்கு நம் ஊர் வைத்தியம் புளி. அதன் அமிலம் பச்சைக் களிம்பைக் கரைக்கும். ஆனால் அதிக நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து செம்பின் சிவப்பு தெரிய ஆரம்பிக்கும். களிம்பு இருந்த இடத்தில் மட்டும் பஞ்சால் தொட்டு, ஒரு நிமிஷத்தில் துடைத்துவிட்டேன். மற்ற இடத்துப் பழுப்பு நிறத்தைத் தொடவில்லை. அதில் ஒரு ஓரம், பெரியப்பாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு வழவழவென்று குழிந்திருந்தது. ஒரு லேத் பட்டறையில் பஃபிங் வீலில் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் கண்ணாடியாகிவிடும். அந்தக் குழியும் முத்திரையும்கூட மழுங்கிப் போகும். அவர் ஏன் புதுசாக்காதே என்றார் என்பது அங்கேதான் விளங்கியது.

கடைசியாகச் சாணை. சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கவில்லை. காய்ந்த சக்கரத்தில் மெல்லிய முனை சட்டென்று சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். தட்டையான சாணைக்கல், தண்ணீர், பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி. கோணம் சரியா என்று பார்க்க முனையில் மார்க்கர் மை தடவிக்கொண்டேன். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. அந்தக் காலத்து பக் கத்திகள் சாணைக்கு லேசில் மசியாதவை என்று பெயரெடுத்தவை. இரண்டு சாயங்காலம் பிடித்தது. முடிவில் வெர்னியர் வைத்துப் பார்த்தால், அலகின் நடுவில் அகலம் அடிப்பக்கத்தை விட 3 மில்லிமீட்டர் குறைவு. அது அவர் தேய்த்துத் தேய்த்துக் கரைத்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். கத்தியை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி, இடது கையால் விரித்தார். பூட்டு விழுந்ததும் இரண்டு முறை அசைத்துப் பார்த்தார். மடக்கும்போது இடது கட்டைவிரலால் பட்டையை அமுக்கி, அலகின் முதுகைத் தொடையில் அழுத்தினார். மடங்கியது. ஒற்றைக் கைக்காரருக்குப் பளபளப்பால் என்ன லாபம்? நழுவாத பூட்டுதான் வேண்டும். "இப்ப நம்பலாம்" என்றார். வேறு பாராட்டு எதுவும் இல்லை. பழைய இரும்புக்காரன் பேச்சைப் பெரியம்மா அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பி.கு: இப்படிக் கத்தி வைத்திருப்பவர்கள் அதைத் தோல் உறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்துப் பித்தளையைப் பச்சையாக்கும். உறை தனி, கத்தி தனி.