இடவப்பாதிக்கு முன்னே ஒரு மெழுகல்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் வழியில் இடிச்சக்கப்பிலாமூடு என்று ஓர் இடம் உண்டு. ஊர்ப் பெயரிலேயே பிலாமரம், அதாவது பலா, நிற்கிறது. எங்கள் முற்றத்திலும் ஒன்று நிற்கிறது. அதன் நிழலில்தான் பன்னிரண்டு வருடமாக என் காரை நிறுத்துகிறேன். வெயிலுக்குப் பயந்து தேர்ந்த இடம். சக்கைக் காலம் வந்தால், அணில் கடித்த காயிலிருந்தும் முறிந்த காம்பிலிருந்தும் பால் சொட்டும். விடியும்போது பானெட்டின் மேல் வெள்ளைப் புள்ளியாக இருப்பது மத்தியானத்துக்குள் பழுத்துப் பிசினாக இறுகிவிடும். கூடவே காக்கை எச்சம், வவ்வால் எச்சம்.

முதல் வருடம் அந்தப் பிசினை நகத்தால் சுரண்டினேன். உள்ளேயிருந்து அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். சக்கை வெட்டுமுன் கையிலும் கத்தியிலும் தடவுகிற அதே எண்ணெய். பிசின் மேல் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, பழந்துணியால் துடைத்தாள். சுவடில்லாமல் வந்தது. தண்ணீருக்கு அசையாத பிசின் எண்ணெயில் இளகும். பெட்ரோலும் தின்னரும் தேடி அலைகிறவர்கள் தங்கள் அடுக்களையை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

எச்சத்துக்கு அந்த வைத்தியம் பலிக்காது. அதில் அமிலம் உண்டு. போதாததற்கு, பகல் வெயிலில் இளகும் பெயின்ட் மாலையில் குளிரும்போது எச்சத்தின் வடிவத்தையே தன் மேல் பதித்துக்கொண்டு இறுகுகிறது. அன்றே ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுத்தால் தப்பலாம். மறுநாள் என்றால் வடு நிலைத்துவிடும்.

மூன்றாவது பகை சாலையில் வருகிறது. குமரி மாவட்டத்துக் குவாரிகளில் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் கேரள எல்லையைக் கடந்து எங்கள் வாசல் வழியாகத்தான் வடக்கே போகின்றன. அவை விட்டுப்போகிற வெண்பொடி கருங்கல்லின் பொடி. அதைக் காய்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் பல வீட்டு முற்றங்களில் இந்தத் துடைப்பு நடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

முன்பு நானும் அப்படித் துடைத்துத் துடைத்து, என் காரிலும் வெயில்பட்டால் சிலந்திவலை போலக் கீறல்கள் தெரிந்தன. கொண்டுபோய் ஒரு கடையில் பாலிஷ் போடச் சொன்னேன். மெஷின் வைத்துத் தேய்த்தார்கள். கண்ணாடி போலத் திரும்பி வந்தது. மகிழ்ச்சியில் இரண்டு வருடத்துக்குள் இன்னும் இருமுறை போட்டேன். மூன்றாவது முறைக்குப் பிறகு பானெட்டின் விளிம்பில் வெளுத்த கோடொன்று தோன்றி மழைக்காலத்துக்குள் தோல் உரிவதுபோல் உரிந்தது.

உதியன்குளங்கரைப் பக்கம் பெயின்ட் வேலை செய்கிற வயதான மேஸ்திரி ஒருவரிடம் காட்டினேன். விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். “சாறே, பாலிஷுன்னா தேய்க்கியதாக்கும். வாக்ஸுன்னா பூசியதாக்கும். ரெண்டும் ஒண்ணுண்ணு நினைச்சு கொடுத்துட்டீங்க” என்றார்.

அந்த ஒரு பேச்சுக்குப் பிறகுதான் படித்துப் பார்த்தேன். இன்றைய காரில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பளபளப்பு முழுவதும் அதனுடையது. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். பாலிஷில் மிக நுண்ணிய அரைப்புப் பொடி கலந்திருக்கிறது. அது கீறலை நிரப்புவதில்லை, கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள பூச்சை அரைத்து எடுத்துச் சமமாக்குகிறது. விளிம்புகளில் பூச்சு மெலிதாக இருப்பதால் அங்கேதான் முதலில் தீரும். பழைய அம்பாசிடரைத் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும். எவ்வளவு போகிறதென்று கண்ணுக்குத் தெரியும், கை தானாக நிற்கும். இப்போது போவது நிறமற்றது. துணி வெள்ளையாகவே இருப்பதால் எதையும் இழக்கவில்லை என்று நம்பிவிடுகிறோம்.

‘பூசியது’ என்ற சொல் என்னை என் பாட்டியிடம் கொண்டுபோயிற்று. சாணியில் சிரட்டைக் கரியைப் பொடித்துக் கலந்து அவள் திண்ணையை மெழுகுவாள். கறுத்து மினுங்கும். நாங்கள் நடந்து நடந்து தேய்ப்போம், சில நாளில் மறுபடி மெழுகுவாள். தேய்ந்தது மெழுக்குத்தான், மண்தரை அப்படியே கிடந்தது. எங்கள் பகுதியின் நடுவே எல்லைக்கோடு விழுந்தபோது, 1956 நவம்பர் 1 அன்று, விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. உறவுகள் இரண்டு பக்கமும் ஆயின. கல்யாண வீட்டு வாசலில் கே.எல். 19-உம் டி.என். 75-உம் அடுத்தடுத்து நிற்கும். ‘மெழுகு’ என்ற சொல்லை மட்டும் அந்தக் கோடு பிரிக்கவில்லை. தரையை மெழுகுவது இங்கேயும் மெழுகுவதுதான். பயற்றங்காயை எண்ணெயில் புரட்டினால் மெழுக்குபுரட்டி.

காருக்கு எந்த மெழுகு என்பதில் எனக்கு ஒரு தீர்மானம் உண்டு. தேன்மெழுகு 62 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். சித்திரை வெயிலில் நிற்கிற கருநிறக் காரின் தகடு அந்தச் சூட்டைத் தொட்டுவிடக்கூடும். கார்னௌபா 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்தப் பெயர் வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையுடையது. மழையற்ற மாதங்களில் ஈரம் பறிபோகாமலிருக்க ஓலை தன் மேல் தானே பூசிக்கொள்கிற மெழுகு. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்து, உதிர்கிற பொடியை உருக்கி எடுக்கிறார்கள். பனங்காட்டு வழிவந்த எங்களுக்கு அதில் ஓர் உறவு தோன்றுவதில் வியப்பில்லை. தனிக் கார்னௌபா செங்கல்போல் கெட்டி. கரைப்பானும் எண்ணெயும் சேர்த்தால்தான் கைக்கு இளகும், ஆகவே டப்பாவில் ‘நூறு சதம்’ என்று இருந்தால் அதை நம்பி அதிக விலை தரவேண்டாம். செயற்கை சீலன்ட் அதைவிட நீண்டநாள், ஐந்தாறு மாதம் தாங்கும். வெளியில் நிறுத்துகிறவர்களுக்கு, நேரமில்லாதவர்களுக்கு அதையே சொல்வேன். செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் போடுமுன் பெரும்பாலும் மெஷினால் தேய்ப்பார்கள். மெலிந்த பூச்சுள்ள என் காருக்கு அது ஆகாது. நான் கார்னௌபாவிலேயே நிற்கிறேன். இரண்டு மாதத்துக்கொருமுறை காரின் ஒவ்வொரு அங்குலத்தையும் கை தொடுகிறது, எங்கே கல் பட்டிருக்கிறது, எங்கே துரு தொடங்குகிறது என்று தெரிகிறது.

வேலை அதிகாலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கல்பொடியை இறக்கவேண்டும். பிறகுதான் துணி. பாத்திரம் கழுவும் சோப்பு பழைய மெழுகையும் எடுத்துக்கொண்டுபோகும், கார் ஷாம்பூ போதும். காய்ந்ததும் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் தெரியும். அந்த இடத்தை வழவழப்புத் திரவம் தெளித்துக் கார்களுக்கென்றே விற்கிற ‘கிளே பார்’ கட்டியால் மெதுவாகத் தேய்த்து எடுக்கவேண்டும். அப்புறம் மெழுகு, ஒரு கதவு முடிந்து அடுத்த கதவு என்று. தடித்துப் பூசினால் காவல் அதிகமாகாது, துடைக்கத்தான் பாடு. புகைபோல் வெளுத்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் முடிந்தது. கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டுவிடக் கூடாது, வெள்ளைக் கறை படிந்துவிடும்.

வருடத்தில் இரண்டு மெழுகலை நான் தள்ளிப்போடுவதில்லை. ஒன்று இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன், மற்றது துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழைக்கு முன். தென்கோடி என்பதால் இரண்டு மழையும் எங்களுக்கு உண்டு. பொழியூர்க் கடற்காற்றின் உப்பும் உண்டு.

இந்த வருடம் வைகாசிப் பாதிக்குச் சற்று முன்பு பூசி முடித்த அன்று மாலையே மழை இறங்கியது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். பானெட்டின் மேல் விழுந்த துளியெல்லாம் சேம்பிலையில் விழுந்ததுபோல் உருண்டு திரண்டு ஓடின. உரிந்த விளிம்பில் மட்டும் தண்ணீர் பரந்து ஒட்டிக்கொண்டு நின்றது. ஆடி மாதத்தில் மற்ற இடங்களிலும் துளிகள் தட்டையாகத் தொடங்கின. டப்பாவில் பாதி மிச்சமிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் பூசவேண்டும்.