கொடைக்குப் போகும் வண்டி

கோடை விடுமுறை தொடங்கியதும் தாராவியிலிருந்து புறப்படும் வேன்கள் திருநெல்வேலிச் சீமையில் போய் நிற்கின்றன. நடுவில் 1,600 கிலோமீட்டர்.

விடிவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. தாராவி 90 அடி சாலையின் ஓரத்தில் ஒரு டெம்போ டிராவலர் நிற்கிறது. கூரை மேல் பெட்டிகள், சாக்கு மூட்டைகள், சுருட்டிய பாய்கள், நீலத் தார்ப்பாய். பின் இருக்கைக்கு அடியில் கேஸ் அடுப்பும் இரண்டு பாத்திரங்களும். மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவிய இட்லிகள் இலையில் பொட்டலமாகிவிட்டன; முதல் இரண்டு வேளைக்குக் கவலையில்லை. பாட்டிக்கு ஜன்னல் ஓரம். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு முன் இருக்கை. வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, சயான் பக்கம் திருப்பினால் அடுத்த ஒன்றரை நாளைக்கு அதுதான் வீடு.

அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போவதுண்டு. தமிழர்களுக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நட்சத்திரம் ஏறி உட்காரும் வண்டிதான். தாராவிக்காரர்களோ அந்தப் பெயர் எதுவும் இல்லாமலே இந்தக் காரியத்தைச் செய்துவருகிறார்கள். வித்தியாசம் ஒன்றுண்டு: இவர்கள் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. சாமி கூப்பிடுகிறது, போகிறார்கள்.

தென் மாவட்டங்களில் அம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் எடுக்கும் விழாவுக்குக் கொடை என்று பெயர். சித்திரை, வைகாசியில் பல ஊர்களில் கொடை நடக்கும். மும்பைப் பள்ளிகளுக்கும் அப்போது விடுமுறை. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், நடுச்சாமத்தில் சாமக்கொடை, மறுநாள் ஆடு வெட்டு. ஊரில் குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் தலைக்கட்டு வரி உண்டு. மூன்று தலைமுறைக்கு முன் ஊரை விட்டுப் போன குடும்பத்தின் பெயரும் வரி நோட்டில் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் ‘பம்பாய்’ என்று எழுதியிருக்கும். நகரத்தின் பெயர் 1995இல் மும்பை ஆகிவிட்டது. ஊர் நோட்டுகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இவர்கள் போன கதை பழையது. தாராவியின் முதல் மசூதியான படி மசூதி 1887ஐச் சேர்ந்தது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முஸ்லிம்களும் ஆதி திராவிடர்களும் வந்து சேர்ந்த காலம் அது. கணேசர் கோயில் 1913இல் எழுந்தது. 1924இல் தமிழ்ப் பள்ளி வந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குத் தாராவியில் வேறு பள்ளியே கிடையாது. பின்னால் வந்தவர்கள் இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றார்கள். முறுக்குச் சுட்டார்கள், மும்பை அதைச் சக்லி என்று சொல்லி வாங்கித் தின்றது. அன்று அவர்கள் விட்டு வந்தது திருநெல்வேலி ஜில்லா. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் அதிலிருந்து பிரிந்துவிட்டன. தாராவியில் கேட்டால் இன்றும் எல்லாம் திருநெல்வேலிதான்.

ரயில் இல்லாமலா? மும்பை–நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் உண்டு, தாதரிலிருந்து திருநெல்வேலிக்கும் வண்டி உண்டு. மீட்டர் கேஜ் காலத்தில் சென்னை சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு எழும்பூருக்கு ஓடி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்தவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் கோடையில் ஒரே சமயத்தில் எல்லோரும் கிளம்புகிறார்கள். முன்பதிவு 120 நாள்களுக்கு முன்பே திறந்த காலத்திலும் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள குடும்பத்துக்குக் காத்திருப்புப் பட்டியலை நம்பிக் கொடைக்குக் கிளம்ப முடியாது. தங்க நாற்கரச் சாலை வந்த பிறகு வேன் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போடும் வழக்கம் கூடியது. நேர் வாசலிலிருந்து நேர் வாசலுக்குப் போகலாம், ஆட்டுக்கு மணி முதல் பாட்டிக்குக் கட்டில் வரை ஏற்றிக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம்.

வழி எல்லோருக்கும் மனப்பாடம். புனே தாண்டிக் கம்பாட்கி மலைப்பாதை, சாத்தாரா, கராட், கோலாப்பூர். நிப்பாணியில் கர்நாடகம். பெலகாவியும் ஹூப்ளியும் தாண்டினால் தாவணகெரே, சித்ரதுர்கா. பெங்களூரு நெரிசலை இரவில் கடந்துவிட வேண்டும் என்பது ஓட்டுநர்களின் கணக்கு. பெரும்பாலும் அது தப்பிப்போகிறது. அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் தமிழ்ப் பலகைகள் தெரியத் தொடங்கியதும் வண்டிக்குள் பேச்சு கூடிவிடும். மராத்தியிலும் இந்தியிலும் சண்டை போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. அப்புறம் சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை. சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய். கயத்தாறு, கங்கைகொண்டான் தாண்டினால் நெல்லை.

ஊர் எல்லையில் முதலில் பார்க்கப்படுவது ஆள் அல்ல, வண்டி எண். ‘எம்எச்’ என்று கண்டதும் பம்பாய்க்காரர் வந்தாச்சு என்று செய்தி பரவிவிடும். வந்தவர்களைக் கேட்கும் கேள்விகள் இரண்டு. எப்போ வந்தீங்க? எப்போ போறீங்க? அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் இரண்டாவது கேள்வி அவ்வளவு சீக்கிரம் வராமல் இருந்தால் நல்லது என்று வந்தவர்களுக்குத் தோன்றும். செருப்புப் போட்டு நடக்கவும் உரிமையில்லாத தெருக்களை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் வண்டியில் வந்து இறங்குவது எல்லோருக்கும் பிடித்த காட்சி என்றும் சொல்ல முடியாது.

மாட்டுங்கா தமிழர்களின் பயணம் வேறு மாதிரி. 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952இல் சண்முகானந்த சபா என்று அடுத்தடுத்து அமைத்துக்கொண்டவர்கள் ஊரையே கிங்ஸ் சர்க்கிளுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அக்கிரகாரத்து வீடு என்றோ கைமாறிவிட்டது. விமானத்தில் போய், கும்பகோணத்தில் அறை எடுத்துத் தங்கி, குலதெய்வத்துக்கு அபிஷேகம் செய்துவிட்டு நான்காம் நாள் திரும்பிவிடுகிறார்கள். செம்பூர் இரண்டுக்கும் நடுவே. சொந்தக் காரில் போகிறவர்கள் அங்கே அதிகம். போக முடியாதவர்களுக்குச் சேடா நகர் முருகன் கோயில் இருக்கிறது.

எல்லா ஊர்ப் பயணமும் திருவிழாவுக்காக நடந்ததல்ல. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரத்தில் மும்பை எரிந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலேறியவர்கள் ஏராளம். 2020இல் நடந்தது அதைவிடக் கசப்பானது. ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ரயில் இல்லை, வேலை இல்லை; பத்துக்குப் பத்து அறையில் ஒதுங்கி இருக்கவும் வழியில்லை. மே மாதம் இ-பாஸ் வாங்கி, கடன்பட்டு வண்டி பிடித்துப் பலர் கிளம்பினார்கள். ஒவ்வொரு சித்திரையிலும் உற்சாகத்தோடு கடக்கும் கங்கைகொண்டானில் அந்த ஆண்டு சோதனைச் சாவடி. மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள். அந்த மாதம் திருநெல்வேலி மாவட்டத்தில் புதிதாக உறுதியான தொற்றில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்திலிருந்து வந்தவர்களுக்கு. வரி நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ‘பம்பாய்’ என்ற சொல்லைக் கேட்டால் ஊர் பயந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கொடைக்குப் போனபோது இரு தரப்பும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு வகை உறவு முறைதான்.

விழா முடிந்த மறுநாள் சிலருக்கு வேறு வேலை இருக்கிறது: தாலுகா அலுவலகம், பழைய பள்ளிக்கூடம், பதிவேடு. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் என்ற தகுதி மகாராஷ்டிரத்துக்குக் கூடவே வராது. ஒரு மாநிலத்தில் உள்ள அந்தத் தகுதியைக் குடிபெயர்ந்த மாநிலத்தில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது; மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பான வழக்கு அது. 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். தோல் கிடங்கில் கூலிக்கு நின்ற தாத்தாவுக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? இங்கே வெளியூர்க்காரர், அங்கேயும் வெளியூர்க்காரர் என்ற புலம்பல் வெறும் பேச்சில்லை, விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது.

இன்னொரு தேதி 2000 ஜனவரி 1. தாராவியை மறுசீரமைக்கும் ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. அந்தத் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடி வீட்டுக்காரர்களுக்கும் வெளியேதான், வாடகைத் தவணையில். கீழே அண்ணன், ஏணி ஏறினால் மேலே தம்பி என்று ஒரே சுவருக்குள் வாழும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஊரில் வரி நோட்டு இருவரையும் இரண்டு தலைக்கட்டாகச் சேர்த்துக்கொள்கிறது. தாராவிக் கணக்கெடுப்பு அவர்களைப் பிரித்து வைக்கிறது.

இதனால் கிளம்புவதிலேயே ஒரு தயக்கம் புகுந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் போய்விட்டால், அந்த நேரம் பார்த்து ஆள் வந்து கதவைத் தட்டினால்? சுவரில் எண் எழுதாமல் போய்விட்டால்? ரேஷன் கார்டு, மின் ரசீது, வாக்காளர் அட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் தயாராக இருக்கின்றன. எடுத்துக் காட்ட ஆள் வேண்டும்.

திரும்பி வரும் வண்டியில் கருப்பட்டி, அல்வா, பத்தமடைப் பாய், கோயில் திருநீறு. ஆட்டுக்கறியின் பங்கை உப்புக்கண்டம் போட்டு எடுத்து வருவோரும் உண்டு. அதில் ஒரு பங்கு, பன்னிரண்டு இருக்கை வண்டியில் பதினோரு பேரை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு, கொடைக்கும் போகாமல் அந்தப் பிளாஸ்டிக் உறையோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு.