‘அதாவது’ என்னும் சிறு சொல்

சொன்னதை மீண்டும் விளங்கச் சொல்வதற்கு நம்மிடம் ‘அதாவது’ இருக்கின்றது. அச்சொல் இல்லாமல் பத்திரிகைக்காரனுக்கு ஒரு நாளும் கழியாது. யப்பானியரோ அந்த வேலையைப் பல சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கின்றனர்.

பேச்சிலும் எழுத்திலும் பெரிதும் வழங்குவது ‘சுமரி’. சுனாமியில் வரும் அதே ‘சு’தான். அடைபடுதல், குறுகுதல் எனப் பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. விரிந்து கிடக்கும் பேச்சை ஒடுக்கி முடிவைக் கையில் தருவது அதன் பணி. ‘சுனவாச்சி’ ஏட்டு வழக்கு. முன்னதும் பின்னதும் ஒன்றே எனச் சமன் செய்வது. ‘யோசுருனி’ சாரத்தைப் பிழிந்து தரும். ஆனால், மேலதிகாரியின் பேச்சை அவர் முன்னிலையிலேயே இச்சொல்லால் சுருக்கினால் மரியாதைக் குறைவாகிவிடும். ‘தோ இயு கா’ தான் சொன்னதையே மெல்லத் திருத்திக்கொள்வது. நமது ‘என்பதைவிட’ போன்றது.

தெளிவுபடுத்த இத்தனை கருவிகள் உள்ள மொழியில்தான், தெளிவுபடுத்தப்படாத ஒரு சொல் வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1945 யூலை 26 இல் நேச நாடுகள் பொற்ஸ்டாம் பிரகடனத்தை வெளியிட்டு யப்பானைச் சரணடையக் கோரின. யூலை 28 இல் பிரதமர் சுசுகி கந்தாரோ செய்தியாளரிடம் அதனை ‘மொகுசத்சு’ செய்வதாகக் கூறினார். மௌனம், கொலை என்னும் பொருளுடைய இரு எழுத்துகள் சேர்ந்த சொல் அது. கருத்துக் கூறாது விடுதல் என்றும் கொள்ளலாம்; இகழ்ந்து புறக்கணித்தல் என்றும் கொள்ளலாம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் ‘நிராகரிப்பு’ என்றே எழுதின. ஓகஸ்ட் 6 இல் ஹிரோஷிமாவிலும் 9 இல் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீழ்ந்தன.

அந்த ஒரு சொல்லே அழிவுக்குக் காரணம் என்று கூறுவது மிகை. குண்டு வீசுவதற்கான கட்டளை யூலை 25 இலேயே பிறப்பிக்கப்பட்டிருந்தது. போரைத் தொடர்வோம் என்றும் சுசுகி அதே கூற்றில் சொல்லியிருந்தார். ஆயினும், ஒரு ‘சுமரி’ சொல்ல வேண்டிய இடத்தில் அது சொல்லப்படவில்லை என்பது உண்மை.

ஓகஸ்ட் 15 நண்பகலில் மன்னர் ஹிரோஹிதோவின் குரல் வானொலியில் ஒலித்தது. அரசவை நடையில் அமைந்திருந்த அவ்வுரையில் ‘சரணடைதல்’ என்ற சொல்லே இல்லை. சாதாரண மக்கள் பலருக்கு அது விளங்கவில்லை. பின்னர் அறிவிப்பாளர் அதனை மீண்டும் வாசித்து விளக்கிய பிறகே போர் முடிந்தது என்பதைப் பலர் உணர்ந்தனர்.

பேசுபவர் ‘அதாவது’ என்று தொடராத இடத்தில், கேட்பவர் தமக்கு வேண்டிய ‘அதாவது’வை இட்டு நிரப்பிக்கொள்கின்றார். நமது தொழிலில் இது நாள்தோறும் நிகழ்வது. தலைவர் அரைமணி நேரம் பேசுவார். நாம் அதை ஒரு வரித் தலைப்பாக்குவோம். யப்பானியர் பேச்சில் ‘சுமரி’ என்று தொடங்கி, ‘என்பதுதானே நீங்கள் சொல்வது?’ என்று கேள்வியாக முடிப்பதுண்டு. சுருக்கியதைச் சொன்னவரிடமே திருப்பிக் கொடுத்து ஒப்புதல் பெறும் முறை அது. குறிப்பேட்டை மூடுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் இளைய செய்தியாளர்களுக்கு வாய்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.