திண்ணையும் கதவும்

முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குத் துணையோடு போகக்கூடாது. கூட வருகிறவர்கள் பானை வனைதல், மருதாணி என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். வீடுகள் செல்ஃபிக்குப் பின்னணி ஆகிவிடும். ஒரு புதன்கிழமை லீவு போட்டு, படப்பையிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாக பைக்கில் தனியாகப் போனேன்.

காரணம் உண்டு. படப்பையில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட பில்டரோடு பேசி முடித்தாயிற்று. ஆயா அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். "திண்ணை வச்சுக் கட்டச் சொல்லுடா" என்கிறாள். அப்பாவோ, "கதவு, தூணு வேணும்னா நீ எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். எடுத்து என்ன செய்வது?

தட்சிணசித்ராவே அப்படி எடுத்துவைத்தவற்றின் ஊர்தான். டெபோரா தியாகராஜனின் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது. லாரி பேக்கரும் பென்னி குரியகோஸும் வடிவம் கொடுத்தார்கள். 1996 டிசம்பரில் திறந்தார்கள்.

புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில்தான் நெடுநேரம் இருந்தேன். 1850ஆம் ஆண்டு வீடு, பெரும்பாலும் மரம். சட்டமும் பலகையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கிற வீட்டைக் கழற்றி வேறிடத்தில் மாட்டிவிடலாம். செட்டிநாட்டு வீட்டில் அது நடக்காது. பர்மா தேக்குத் தூண் வரும், கதவு வரும். சுண்ணாம்புச் சுவர் வராது, புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். என் தொழில் புத்திக்கு ஒன்று மைக்ரேஷன், மற்றது ரீரைட்.

ஆபீஸ் வேலையாக யோகோஹாமாவில் இருந்தபோது சங்கெய்யென் தோட்டத்துக்கும் தனியாகத்தான் போனேன். ஹரா என்ற பட்டு வணிகர் கியோட்டோ, காமகுரா பக்கத்துப் பழைய கட்டடங்களை வாங்கிவந்து நிறுத்திய இடம். 1906லேயே ஊராருக்குத் திறந்துவிட்டார். அங்கே யனோஹரா குடும்பத்தின் புல்வேய்ந்த பெரிய வீடு இருக்கிறது. மிபோரோ அணை கட்டியபோது ஷிரகாவா பக்கத்திலிருந்து 1960இல் பெயர்த்துவந்தது. குடியிருப்பவர் யாருமில்லை, ஆனாலும் கூடத்து அடுப்பில் தினமும் தீ மூட்டுகிறார்கள். புகை படிந்தால்தான் கூரைப் புல்லைப் பூச்சி அண்டாதாம். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுத்த தூண்களுக்கு நடுவே நின்றபோது ஆயாவின் விறகடுப்பு வாசம்தான் வந்தது, நம்புங்கள்.

முட்டுக்காட்டில் புகை இல்லை. துடைத்துவைத்த சமையலறைகள். குறையாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டை எந்த அருங்காட்சியகமும் கேட்கப்போவதில்லை. ஒரகடத்தில் கார் ஆலைகள் வந்தபின் எங்கள் பக்கம் கிரவுண்டு விலை ஒன்றுதான் பேச்சு.

திண்ணைக்கு பில்டர் சம்மதிக்கவில்லை, கார் நிறுத்தும் இடம் குறையுமாம். கதவை அளந்துவிட்டேன். நிலையோடு ஆறே முக்கால் அடி. ஃபிளாட் வாசல் ஏழடி. மேலே மிஞ்சும் மூன்று அங்குலத்தை எதை வைத்து அடைப்பதென்று தச்சரைக் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார்.